முதல் குறள் வெண்பா: தவறாக எழுதி, திருத்திக் கற்போம்

யாப்பு (செய்யுள் இலக்கணம்) கற்கத் தொடங்குபவர்கள் பலர் வாய்பாட்டுப் பட்டியலிலேயே களைத்துப்போகிறார்கள். தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்வார்கள். வெண்பா ஒன்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள். நாம் நேராக எழுதத் தொடங்கிவிடுவோம். ஏழே சீர் (செய்யுளில் சொல்போல் நிற்கும் பகுதி) கொண்ட குறள் வெண்பா போதும். திருக்குறளின் 1330 பாக்களும் இந்த வடிவம்தான்.

படி 1: கருத்தை எழுதுங்கள்

இலக்கணத்தைச் சற்று மறந்துவிட்டு, முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் வருமாறு எழுதுங்கள். என் முதல் முயற்சி இது:

வானம் இருட்டினால் மழைவரும் நெஞ்சில்
கானம் கனிந்தால் கவி

பொருள் சரி, ஆனால் இது இன்னும் வெண்பா ஆகவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

படி 2: அசை பிரியுங்கள்

சீரின் உறுப்பான அசை இரண்டே வகை: நேர், நிரை. நெடில் தனித்து நின்றால் நேர். குறிலை அடுத்து ஒற்று (மெய்யெழுத்து) வந்தால் அந்தக் குறிலும் நேர். சீரின் இறுதியில் தனியே எஞ்சும் குறிலும் நேர்தான். குறிலை அடுத்து, இடையே ஒற்றின்றி இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. அசையின் பின்னால் வரும் மெய்யெழுத்து அதனுடன் ஒட்டிக்கொள்ளும், தனியாக எண்ணப்படாது.

வா/னம் - நேர் நேர் (தேமா)
இருட்/டினால் - நிரை நிரை (கருவிளம்)
மழை/வரும் - நிரை நிரை (கருவிளம்)
நெஞ்/சில் - நேர் நேர் (தேமா)

நிரை நேர் என்றால் புளிமா, நேர் நிரை என்றால் கூவிளம். இந்த நான்கின் பின்னும் ஒரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். மூவசையில் நிரையில் முடியும் கனிச்சீர் வெண்பாவுக்கு ஆகாது.

படி 3: தளை பாருங்கள்

வெண்பாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சீர் முடியும் இடமும் அடுத்த சீர் தொடங்கும் இடமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதே தளை. தேமா, புளிமா இரண்டும் மாச்சீர்; கருவிளம், கூவிளம் இரண்டும் விளச்சீர். விதி மூன்றுதான்:

மாச்சீரை அடுத்து நிரை.
விளச்சீரை அடுத்து நேர்.
காய்ச்சீரை அடுத்து நேர்.

அடி மாறும் இடத்திலும் இதே விதி. புதியவர்கள் அதிகம் தவறுவது அந்த இடத்தில்தான்.

இப்போது நம் வரியைச் சோதிப்போம். "இருட்டினால்" விளச்சீர், அடுத்து நேர் வேண்டும், "மழை" என்ற நிரை வந்திருக்கிறது. தளை தட்டுகிறது. "நெஞ்சில்" மாச்சீர், அடுத்த அடி நிரையில் தொடங்க வேண்டும், "கா" நேர். அங்கும் தட்டுகிறது.

"இருட்டினால்" இருந்த இடத்தில் "கறுத்தால்" (கறுத்/தால், புளிமா) வைத்தேன். "நெஞ்சில்" என்பதை "நெஞ்சினில்" (நெஞ்/சினில், கூவிளம்) ஆக்கினேன்:

வானம் கறுத்தால் மழைவரும் நெஞ்சினில்
கானம் கனிந்தால் கவி

இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். முதல் வடிவம் இடறுவதும் இரண்டாவது வழுக்கிச் செல்வதும் காதிலேயே தெரியும். விதியை மறந்தாலும் இந்தக் காதை இழக்காதீர்கள். தளைக்காக "தான்", "அங்கே" என்று வெற்றுச் சொல்லை அடைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பொருளுள்ள வேறு சொல் கிடைக்கும்வரை தேடுங்கள். அந்தத் தேடலில் கருத்தே செறிவாகும்.

படி 4: ஈற்றுச் சீர்

கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரும் உகரமும்), பிறப்பு (நிரையும் உகரமும்) என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடிய வேண்டும். "கவி" நிரை, எனவே மலர்.

படி 5: எதுகை, மோனை

இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. வானம், கானம் என்பதுபோல. முதலெழுத்துகள் இரண்டுமே நெடிலாக இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று குறிலானால் எதுகை பொருந்தாது. முதலெழுத்து ஒன்றுவது மோனை: கானம், கனிந்தால், கவி. ம, வ இரண்டும் மோனைக்கு இன எழுத்துகள் என்பதால் வானம், மழை என்பதும் மோனையே.

குறள் கைவந்தபின் நேரிசை வெண்பாவுக்குப் போகலாம். அங்கே நான்கு அடி, தளைவிதி இதுவே. இரண்டாம் அடியின் நான்காம் சீர் மட்டும் முதல் இரண்டு அடிகளின் எதுகையோடு தனிச்சொல்லாக நிற்கும்.

அதற்குமுன் ஒரு பயிற்சி. நம் குறளில் "மழைவரும்" என்பதை "மழைபொழியும்" என்று மாற்றுங்கள். தளை தட்டுகிறதா? அசை பிரித்துப் பாருங்கள்.