பெற்றோல் ட்ரிம் பார்த்துப் பழுது பிடிப்பது எப்படி?

செக் எஞ்சின் லைட் எரிந்து ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெற்றோல் குறைவு என்ற பழுதுக் குறியீடு) வந்தால், பலர் முதலில் ஒட்சிசன் சென்சரைத்தான் மாற்றுகிறார்கள். காசு போகும், லைட் திரும்ப வரும். கலவையில் பெற்றோல் குறைவு என்று சென்சர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஏன் குறைந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

எஞ்சின் கணினி உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டு, எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் கிடைக்கும்படி இன்ஜெக்டரைத் திறக்கிறது. ஐட்லிங்கில் ஒரு தடவைக்கு 2, 3 மில்லிசெக்கன்தான். புகையில் மிஞ்சிய ஒட்சிசனைப் பார்த்து அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் வீதமே ட்ரிம்: கூட்டினால் +, குறைத்தால் −. ஷோர்ட் டேர்ம் உடனுக்குடன் ஆடும், லோங் டேர்ம் அதைப் பழகி நினைவில் வைக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10 வீதத்துக்குள் நின்றால் கவலையில்லை.

எஞ்சினை 80 பாகைக்கு மேல் சூடாக்கி, ஏசியை நிறுத்தி, குளோஸ்ட் லூப் (ஒட்சிசன் சென்சரைப் பார்த்துக் கணினி பெற்றோலைத் திருத்தும் நிலை) என்று காட்டியதும் ஐட்லிங் எண்ணைக் குறியுங்கள். பிறகு 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள்.

ஐட்லிங்கில் +20, 2500இல் +4 என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரியும். பிசிவி குழாயின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை உள்ளே போகும் காற்றோடு சேர்க்கும் குழாய்) வளைவை அடிப்பக்கமாகத் தடவுங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். உள்ளே வரும் காற்றை நேரே அளக்கும் மாஃப் சென்சர் இல்லாமல், மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சர் மட்டும் உள்ள வண்டியில் இந்தக் கணக்குச் சரிவராது: அங்கே ட்ரிம் ஏறாமல் ஐட்லிங்தான் ஏறும்.

மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் மாஃப் சென்சரில் அழுக்கு, அல்லது பெற்றோல் பம்ப், பெற்றோல் ஃபில்டர் பழுது. மாஃபுக்கு அதற்குரிய ஸ்ப்ரே மட்டும் அடியுங்கள். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும்.

ட்ரிம் −15க்குக் கீழே போனால் இன்ஜெக்டரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் வண்டியென்றால் முதலில் கூலன்ட் சென்சரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதன் உலோக ஊசிகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். சூடான எஞ்சினில் அந்தச் சென்சரின் தடை பல வண்டிகளில் ஏறக்குறைய 300 ஓம்தான். களிம்பு இன்னொரு 300 ஓம் சேர்த்தால், எஞ்சின் இன்னும் 60 பாகைதான் என்று நம்பிக் கணினி பெற்றோலைக் கூட்டும். கூடியதை ட்ரிம் குறைக்கப் பார்க்கும். விடிய, ஸ்டார்ட் பண்ணுமுன் ஸ்கேனரில் கூலன்ட் சூடும் உள்வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். −40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது.

கனெக்டருக்குரிய கிளீனர் அடித்து, காய்ந்த பின் பூட்டுங்கள். ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து, நிலாவெளி வரை நிதானமாக ஓடித் திரும்பி ட்ரிம்மைப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் பெற்றோல் பிறஷரையும் பேர்ஜ் வால்வையும் (டேங்கின் பெற்றோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு) சோதியுங்கள், இன்ஜெக்டர் அதற்குப் பிறகு.