நம் ஊர்ப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் வரம்பு வகுப்பது எப்படி?

ரிப்போர்ட்டில் முடிவுக்குப் பக்கத்தில் அச்சாகும் ‘நார்மல்’ அளவைப் பல ஆய்வகங்கள் இயந்திரத்தோடு வந்த கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அந்த வரம்பை நம் மக்களுக்கென நாமே வகுக்க முடியும். கணக்கு அரை மணி நேர வேலை. யாருடைய ரத்தத்தை எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. “எனக்கு ஒரு நோயும் இல்லை” என்று சொல்லும் 120 பெண்களை அப்படியே சேர்த்துக்கொண்டால், சோகைக்கே ‘நார்மல்’ என்று முத்திரை குத்திவிடுவோம். சிகிச்சை பெற வேண்டியவள் வெறுங்கையோடு வீடு திரும்புவாள். எனக்கு இது பொறுக்காது.

ஆகவே முதலில் கேளுங்கள். கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா, அண்மையில் ரத்ததானம் செய்தாரா, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? “மாதவிடாயில் அதிகம் போகிறதா?” என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். “ஒரு நாளில் எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள்?” என்று கேளுங்கள், உண்மை வரும். அடுத்து, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழ் என்றால் சேர்க்காதீர்கள். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் ஏறி, குறைபாட்டை மறைத்துவிடும், கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையும் பாருங்கள். ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபணு உள்ளவர்களைப் பிரிக்க, ஹெச்.பி.ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையை அளக்க வேண்டும். பாதிப் பேர் கழிந்துபோகலாம். அவர்களுக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புவது நம் கடமை.

ரத்தம் எடுக்குமுன் 15 நிமிடம் உட்கார வையுங்கள். நின்றுகொண்டிருந்தால் ரத்தத்தின் நீர் திசுக்களுக்குள் இறங்கி, ஹீமோகுளோபின் கூடுதலாகக் காட்டும். ரத்தம் எடுக்கக் கையில் இறுக்கிக் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஊதா மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பி, மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

வரம்பு என்பது நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் அளவு. கழித்தது போகத் தேறிய 120 பேரின் முடிவுகளையும் ஏறுவரிசையில் அடுக்கினால் 3ஆவது எண் கீழெல்லை, 118ஆவது மேலெல்லை. 1ஆவதுக்கும் 7ஆவதுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கீழெல்லை ஆட்டம் காண்கிறது. இன்னும் ஆள் சேர்க்க வேண்டும். தனித்து நிற்கும் எண்ணை அவசரப்பட்டு நீக்காதீர்கள். குழாயில் ரத்தம் உறைந்திருந்ததா, பதிவில் பிழையா என்று முதலில் பாருங்கள்.

சிறிய ஆய்வகம் என்றால், நம்மைப் போன்ற மக்களிடம் வேறொருவர் முறையாக வகுத்த வரம்பை 20 பேரிடம் சோதித்துப் பாருங்கள். வரம்புக்கு வெளியே இருவருக்கு மேல் போகாவிட்டால் அதையே ஏற்கலாம்.

பெண்களுக்குச் சோகையின் எல்லை டெசிலிட்டருக்கு 12 கிராம். கீழெல்லை அதற்கு வெகுவாகக் கீழே வந்தால் அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஃபெரிட்டின் முடிவுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.