தமிழில் உயர்தரம் படித்து மருத்துவ பீடம் போகிறவர்களுக்கு: மறக்காமல் படிப்பது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவிப் பக்கத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உயர்தரம் வரை உயிரியலைத் தமிழில் படித்தவர்களுக்கு அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் வரும். அது பழகிவிடும். பழைய படிப்பு முறைதான் காலை வாரிவிடும். நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) கேட்டால் வாயில் வராது.

புத்தகத்தை மூடிவிட்டு, மனதிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்.

படி 1: அன்று மாலையே வெற்றுத் தாள்

விரிவுரை முடிந்த அன்றே ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பிரேக்கியல் பிளெக்சஸ் (கழுத்து முள்ளந்தண்டுப் பக்கத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) என்றால், சி5 முதல் டி1 வரையான ஐந்து வேர்களில் தொடங்கி ஐந்து முடிவு நரம்புகள் வரை பார்க்காமல் வரையுங்கள். அப்புறம் நோட்ஸைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் நிரப்புங்கள். நாளைக்குப் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான்.

படி 2: அட்டை எழுதுங்கள்

அட்டை என்றால் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. அதற்கான ஆன்கி என்ற செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களுக்கும் பஸ் பயணத்துக்கும் இதைவிட வசதியானது எனக்குத் தெரியாது. விடை சரி என்றால் அந்த அட்டை சில நாள், சில வாரம் கழித்து வரும். பிழை என்றால் உடனே திரும்பி வரும். நாளுக்கு 20 புதிய அட்டை என்று அதில் இருக்கும். முதல் மாதம் அதை 10 ஆக்குங்கள்.

அட்டையை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, அதுவும் ‘ஏன்’ என்று கேட்டால் நல்லது. எங்கள் வயல்களில் அடிக்கடி நடக்கும் கண்ணாடி விரியன் கடியை எடுப்போம். அதன் நஞ்சு இரத்தம் உறைவதைக் குழப்பும். அதைக் கண்டுபிடிக்க, கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சரித்து உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது என்று எடுப்பார்கள். ‘எத்தனை நிமிடம்?’ என்பது ஒரு அட்டை. ‘ஏன் கண்ணாடிக் குழாய், ஏன் பிளாஸ்டிக் இல்லை?’ என்பது அதைவிட நல்ல அட்டை. கண்ணாடியின் மேற்பரப்புத்தான் உறைதல் காரணி 12ஐத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கில் அது சரியாக நடக்காததால், நஞ்சு ஏறாதவரின் இரத்தம்கூட உறையாமல் இருந்து எங்களை ஏமாற்றலாம். முதலாம் வருட உடற்றொழிலியலும் வார்ட் வேலையும் ஒரே அட்டையில் சந்திக்கின்றன. அப்படிச் சந்தித்தது மறக்காது.

இன்னொரு கட்டு அட்டையைத் தமிழில் தொடங்குங்கள். முன்பக்கம் ‘தொய்வு’, ‘ஓங்காளம்’, ‘தலைச்சுற்று’. பின்பக்கம் அதற்கான ஆங்கிலச் சொல், அடுத்து நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள். பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தாலும், நாளைக்கு எங்கள் அம்மம்மாமார் சொல்லப்போவது இந்தச் சொற்களைத்தான்.

படி 3: பழைய வினாத்தாள்

சீனியர்மாரிடம் கேட்டு வாங்குங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். பாடத்தை முடித்துவிட்டுச் செய்யலாம் என்று வைத்திருக்காமல், பாதியிலேயே செய்யத் தொடங்குங்கள். பிழைத்த ஒவ்வொன்றும் ஒரு புதிய அட்டை.

படி 4: இலவச வளங்கள்

உடற்கூறுக்கு டீச்மீ அனாட்டமி, நோயாளியைப் பரிசோதிக்கும் முறைக்குக் கீக்கி மெடிக்ஸ், அடிப்படைக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் உடற்கூறு, உடற்றொழிலியல் நூல். கடைசியாகச் சொன்னதை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பரீட்சைக்கென்று பல்லாயிரம் அட்டைகளோடு கிடைக்கும் தொகுதிகளை முதல் வருடத்தில் தொடாதீர்கள். நீங்கள் எழுதிய அட்டைதான் உங்களுக்குப் பிடிபடும். சிகிச்சை என்று வரும்போது இலங்கை வழிகாட்டல்களையே பாருங்கள். பாம்புக்கடிக்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல் இருக்கிறது.

படி 5: லீவில்

ஊருக்கு வந்ததும் புதிய அட்டை எண்ணிக்கையைப் பூச்சியமாக்கிவிடுங்கள். பழைய அட்டைகள் மட்டும் வரும். பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அன்றைய பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு வீட்டுக்காரரோடு இருங்கள்.