படம் பேரோடு ஆண்டையும் சொல்லுங்கள்

உங்களுக்குப் பிடித்த படத்தை நண்பருக்குச் சிபாரிசு செய்யும்போது பேரோடு வெளியான ஆண்டையும் ஹீரோ பேரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரே வரியாகத் தட்டி விடுங்கள்: 'பொல்லாதவன், 2007, தனுஷ்'. வாயால் சொன்னது ராயபுரம் பாலம் இறங்குவதற்குள் மறந்துபோகும்.

தமிழில் ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வரும். 'பொல்லாதவன்' என்று மட்டும் சொன்னால் 1980-இல் வந்த ரஜினி படமும் இருக்கிறது, பைக் தொலைத்துவிட்டு அலையும் வெற்றிமாறன் படமும் இருக்கிறது. 'பில்லா' 1980, 2007. 'படிக்காதவன்' 1985, 2009. 'மாப்பிள்ளை' 1989, 2011. தேடும் பெட்டியில் பேருக்குப் பக்கத்தில் ஆண்டைப் போட்டால் பெரும்பாலும் சரியான படம் மேலே வந்து நிற்கும். இல்லையென்றால் அரை மணி நேரம் வேறு படத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் டீக்கடையில் "இன்னாபா, நீ சொன்ன பைக்கு எங்க?" என்று கேட்பார்கள். டேட்டாவும் போச்சு, உங்கள் ரசனை மேல் இருந்த மரியாதையும் போச்சு!

'மெட்ராஸ்', 'வட சென்னை', 'சார்பட்டா பரம்பரை' மாதிரி நம்ம ஏரியா படங்களுக்கு இது தேவையில்லை; பேரே போதும். டப்பிங் படங்களில் ஆண்டை நம்பாதீர்கள். மூலப்படம் வந்த வருஷமும் தமிழில் வந்த வருஷமும் வேறாக இருக்கலாம், அதனால் மூல மொழித் தலைப்பைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.