ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

ஆங்கிலக் கூட்டுச்சொல் ஒன்றின் வேரைத் தேடப் போகிறீர்களா? அது இன்று பிரிந்து நிற்கிற விதத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். மாப்பிள்ளையைக் குறிக்கும் "பிரைட்குரூம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிரைட் என்றால் மணப்பெண், சரி. குரூம் என்றால் குதிரையைப் பராமரிப்பவர். கல்யாணத்துக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு? இப்படி ஒரு பாதி பொருந்தாமல் உறுத்தினால் அங்கிருந்துதான் தோண்ட வேண்டும்.

முதல் வேலை, சொல்லின் மிகப் பழைய வடிவத்தைக் கண்டுபிடிப்பது. டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த "எட்டிமான்லைன்" என்ற சொற்பிறப்பு அகராதித் தளம் இலவசம், தொடங்க அது போதும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய "பிரீட்குமா". குரூம் அதில் இல்லவே இல்லை!

அப்புறம் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகத் தேடுங்கள். பாஸ்வொர்த்-டாலர் என்ற பழைய ஆங்கில அகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் குமா என்றால் மனிதன், ஆண் என்று இருக்கும். பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பேவுல்ஃப் காவியம் வீரர்களைச் சொல்லும் சொல் அது.

அடுத்ததை, பலர் விட்டுவிடுகிற ஆனால் நான் மிக முக்கியமாக நினைக்கிற வேலையை, தவிர்க்காதீர்கள்: உறவு மொழிகளில் பாருங்கள். ஜெர்மனில் பிராய்டிகாம், ஸ்வீடிஷில் ப்ரூட்கும். இரண்டிலும் பின்பாதியில் ரகர ஒலி கிடையாது, ஆகவே அது ஆங்கிலத்தில் மட்டும் பிற்பாடு நுழைந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் குமா வழக்கொழிந்துபோக, அர்த்தம் புரியாத அந்தப் பாதியின் இடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் மக்கள் தங்களுக்குத் தெரிந்த குரூமை வைத்துவிட்டார்கள். அப்போது அதற்குப் பையன், பணியாள் என்ற பொருள். குதிரைக்காரர் என்ற பொருள் நிலைத்தது அதற்கும் பிறகுதான். அதனால் ஒரு பாதியின் பொருளைப் பார்க்கும்போது அது எந்தக் காலத்துப் பொருள் என்பதையும் கூடவே பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால் குமாவும், மனிதனைக் குறிக்கும் லத்தீன் ஹோமோவும் ஒரே வேரில் சேர்கின்றன. அகராதியில் அந்த வேர்ச்சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி (*) இருக்கும். எந்த ஏட்டிலும் கிடைக்காத, அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதே அதன் பொருள். எழுத்தில் கிடைத்த சான்றையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழகிப் பார்க்க, கெட்ட கனவைக் குறிக்கும் "நைட்மேர்" நல்ல சொல். அந்த மேர் பெண்குதிரை இல்லை. தூங்குபவரின் நெஞ்சில் ஏறி அழுத்தும் ஆவி, நம் ஊர் அமுக்குவான் பேய் மாதிரி. கெட்ட கனவைக் குறிக்கும் பிரெஞ்சின் கோஷ்மார் என்ற சொல்லின் வாலிலும் அதே ஆவிதான் இருக்கிறது. அடுத்து ஒட்டடையைக் குறிக்கும் "காப்வெப்" சொல்லைத் தேடுங்கள், டேனிஷில் சிலந்திக்கு என்ன பெயர் என்பதிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் பிடிபடும்.