கிளச் பெடல் புஷ்ஷை வீட்டு லேத்தில் கடைந்த கதை

அப்பாவின் மொறிஸ் மைனர் காரில் கிளச் பெடல் இடமும் வலமும் ஆடத் தொடங்கிக் கன நாள். கொழும்பில் விசாரித்த இடத்தில் பெடலை முழுசாக வாங்கச் சொன்னார்கள். தேய்ந்தது பெடல் துளைக்கும் அதைத் தாங்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் பெருவிரல் அளவு வெண்கலப் புஷ் (சிறு குழாய்) மட்டும்தான். வீட்டு லேத்தில், அதாவது கடைச்சல் மெசினில், மூன்றைக் கெடுத்து நாலாவதைச் சரியாகக் கடைந்தேன்.

பிரேக், ஸ்ரியரிங் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். பெடல் புஷ் பிழையாகப் போனால் பெடல் ஆடும், அவ்வளவுதான்.

லேத்துக்கு முன்னால் சாரத்தோடு நிற்கவேண்டாம். கையுறை, மோதிரம், சங்கிலி எதுவும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சக் (துண்டைப் பிடித்துச் சுழற்றும் தலை) இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெசினைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவி கையை விட்டுப் போனால் சுவிச்சுக்குப் பக்கத்தில் கொழுவுங்கோ.

1. அளவு

பழைய இங்கிலாந்துக் கார்கள் அங்குலக் கணக்கு. 5/8 அங்குலத் தண்டு என்றால் 15.875 மி.மீ. வேர்னியர் அளவுகோல் 15.8 காட்டுகிறது என்பதற்காக 16 என்று எழுதிவிடாதீர்கள். தண்டில் புஷ் உரசாத இடத்தைத் தேடி அளந்தால்தான் பழைய அளவு பிடிபடும். பற்றரி வேர்னியரை நான் நம்புவதில்லை. பழைய மைக்ரோமீற்றர் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

2. வெளிப்பக்கம்

வெண்கலக் கம்பிக்கு முழு நீளம் வாங்கத் தேவையில்லை. கடைச்சல் பட்டறைகளில் மிச்சத் துண்டுகள் கிடக்கும், நயமாகக் கேட்டால் தருவார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை உயிரோடு வைத்திருந்த கைகள் அவை. பக்கத்தில் நின்று ஒரு மணித்தியாலம் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

வெட்டும் கூருக்கு அதிகடினக் கார்பைட் வேண்டாம், சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்ரீல்) உருக்கு போதும். பித்தளைத் துண்டென்றால் கூரின் மேல்முகம் தட்டையாக இருக்கவேண்டும், சரிவு வைத்தால் உலோகத்தைக் கவ்வி இழுக்கும். புஷ்ஷின் வெளி விட்டம் பெடல் துளையைவிட 0.04 மி.மீ. கூட இருக்கட்டும். நுழையும் முனையைச் சற்றுச் சரித்துவிடுங்கோ.

3. உள்துளை (நான் விழுந்த இடம்)

முதல் புஷ்ஷைத் தண்டு வழுக்கிக்கொண்டு போகுமளவுக்கு வடிவாகக் கடைந்தேன். பெடலில் இறுக்கி ஏற்றினேன். பிறகு தண்டு போகவேயில்லை! சுத்தியலால் தட்டி, புஷ் உள்ளே வெடித்தது. இரண்டாவதும் அதே கதை. அளவைத்தான் பிழையாக எடுத்தேன் என்று நினைத்து மூன்றாவதையும் பாழாக்கினேன். காரணம் வேறு. இறுக்கமான துளைக்குள் போகும் புஷ் வெளியே நெருக்கப்படுகிறது, அந்த நெருக்கம் உள்துளையைச் சுருக்குகிறது. வெளியே 0.04 கூட வைத்தால் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும்.

ஆகவே துளையை 15.7 வரை மட்டும் கடைந்து நிறுத்துங்கோ. வெட்டிப் பிரிக்கச் சிறிய லேத் நடுங்கும்; மெசினை நிறுத்திவிட்டு வாளால் அறுத்தேன். வெட்கமில்லை. நீளப் போல்ட், இரண்டு தடித்த வாசர் வைத்து நட்டை முறுக்கினால் புஷ் நேராக ஏறும். சுத்தியலைத் தொடாதீர்கள். ஏற்றின பிறகு 5/8 கை ரீமரால் (துளையைச் சுரண்டிச் சரியான அளவாக்கும் கருவி) கடைசி அளவை எடுங்கோ. ரீமர் முன்பக்கம் மட்டும் சுழலவேண்டும், வெளியே எடுக்கும்போதும் அப்படியே. பின்பக்கம் திருப்பினால் கூர் மழுங்கும், துளையும் கீறுப்படும்.

பின்சேர்க்கை: டயலில் 0.2 திருப்பினேன், 0.4 போய்விட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். சில லேத்துகளின் டயல் கூர் நகர்ந்த தூரத்தைக் காட்டும், விட்டம் அதைப்போல இரண்டு மடங்கு குறையும். சிலதில் விட்டமே நேராக எழுதியிருக்கும். உங்கள் மெசின் எந்த ரகம் என்று ஒரு வீண் துண்டில் ஒருக்கா வெட்டி அளந்து பாருங்கோ. பெரிதாகத் திருப்பிவிட்டுத் திரும்பி வரும்போது கைபிடி கொஞ்சத் தூரம் சும்மா சுற்றும், அதையும் கணக்கில் எடுங்கோ. அதிகமாகப் பின்னிழுத்து மறுபடி முன்னே கொண்டுவந்து நிறுத்துவது என் வழக்கம்.

இன்னொருவருக்கு லேத் முழுக்கக் கறள். கடற்காற்றுக்கு அப்படித்தான். வேலை முடிந்த கையோடு எண்ணெய் பூசி, துணியால் மூடுங்கோ.