வள்ளத்துப் பழக்கத்தில் இரட்டை உடல் படகுக்கு எஞ்சின் கட்டினால்

மூன்று நான்கு மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய நம்ம கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் பார்த்துவிட்டு, டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சான தன் பயணக் குறிப்பில் அந்தப் பெயரை எழுதிவைத்தார். பெயர் ஊர் சுற்றிப் போய், இன்றைக்கு இரண்டு உடல், அவற்றுக்கு நடுவில் டனல் என்கிற இடைவெளி, பின்னால் வெளியே மாட்டுகிற இரண்டு அவுட்போர்டு எஞ்சின் என்று ‘கட்டமரான்’ ஆகித் திரும்பி வந்திருக்கிறது. பேர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, எஞ்சின் கட்டுவதிலும் பழைய கைப்பழக்கத்தையே காட்டிவிடுகிறோம்.

போன வருஷம் தெரிந்த தம்பி ஒருவர் தூண்டில் சவாரிக்காக அப்படியொரு 24 அடிப் படகு வாங்கினார். இரண்டு பக்கமும் 40 எச்பி. வேகம் 20 நாட்டுக்கு (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் போகவில்லை. “அண்ணே, நாப்பதக் களத்திட்டு அறுவது போட்டுரட்டா?” என்று வந்து நின்றார். “முதல்ல டேப்ப எடு மக்கா” என்றேன்.

பெரும்பாலும் கோளாறு எஞ்சினைக் கட்டிய உயரத்தில்தான் இருக்கும். குளச்சலிலும் முட்டத்திலும் ஃபைபர் வள்ளத்துக்கு எஞ்சினைத் தாழ்த்திக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. கரையலையைத் தாண்டும்போது பின்புறம் தூக்கும்; அந்த நேரம் புரொப்பல்லர் வெளியே வந்து வெறுமனே சுற்றக்கூடாது. வலையும் ஐசும் ஏற்றி நிதானமாகப் போகிற வள்ளத்துக்கு அது சரியான கணக்கு. வேகப் படகுக்கோ தண்ணீருக்குள் கிடக்கும் எஞ்சின் கால் ஒரு நங்கூரம் மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக நிற்கிற தகடுதான் அளவுகோல். கடையில் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். மேலிருந்து காற்று புரொப்பல்லர் இலைக்கு இறங்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. கேவிட்டேஷன் வேறு சங்கதி: இலையின் முதுகில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் கொப்புளிப்பது, இலையில் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, காற்று குடிக்கிற எஞ்சினுக்குப் புரொப்பல்லரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு உடலுக்கும் நேர் பின்னால் எஞ்சின் நிற்கிற படகில், அந்தத் தகட்டைப் படகின் அடிமட்டத்துக்குச் சமமாக வைத்துத் தொடங்கலாம். பிறகு ஒவ்வொரு போல்ட் துளையாக மேலே ஏற்றுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் துளைக்குத் துளை முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். ஒரே எஞ்சின் நடுவில், டனலுக்குப் பின்னால் நின்றால் இந்த அளவு பொருந்தாது. அங்கே வருவது காற்றுக் கலந்த நுரைத் தண்ணீர். திரும்பும்போது சுற்று திடீரென எகிறி வேகம் விழுந்தால் ஒரு துளை அதிகம் ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

இந்த இடத்தில் காசு போகும் தவறு ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஏற ஏற, எஞ்சினைக் குளிர்விக்கக் காலில் உள்ள தண்ணீர் உறிஞ்சும் துளைகளும் மேலே வரும். பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதே என்று நம்பிவிடக்கூடாது. அந்தச் சின்னக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே உள்ளே பிளாக் சூடாகிக் கொண்டிருக்கலாம். வாட்டர் பிரஷர் கேஜ் ஒன்று கட்டாயம். கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே முள் இறங்கினால் ஒரு துளை இறக்குங்கள். இன்னும் மேலே ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால், காலின் மூக்குப் பகுதியிலேயே தண்ணீர் எடுக்கிற வகைக் கால் வேண்டும். நாங்கள் ஒரு முறை கேஜ் இல்லாமல் பார்த்ததற்கு தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் ரப்பர் கருகி வந்தது. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அடுத்தது பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் சறுக்காமல் முன்னேற வேண்டிய தூரம். மனதால் ஊகிக்க வேண்டாம், கணக்கு சுலபம். நிமிடச் சுற்றைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, பிறகு 1215ஆல் வகுத்தால் சறுக்கலே இல்லாத வேகம் நாட்டில் வரும். தம்பியின் படகில் 5000 சுற்று, 13 பிட்ச், விகிதம் 2. விடை 26.7. ஓடியதோ 20. கால்வாசி வேகம் தண்ணீரில் சறுக்கிப் போகிறது! நல்லபடி கட்டிய வேகப் படகில் இது பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அறுபது எச்பி போட்டிருந்தாலும் சறுக்கலுக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதாகத்தான் முடிந்திருக்கும்.

முழு திராட்டிலில் கையேடு சொல்லும் சுற்று எல்லையின் மேல்பாதியில் எஞ்சின் நிற்க வேண்டும். பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் சுமார் 150 முதல் 200 சுற்று குறையும். உயர்த்திக் கட்டிய எஞ்சினுக்கு அலுமினிய இலை வளைந்து கொடுக்கும். ஓரத்தில் சற்று மடிப்பு வைத்த ஸ்டெயின்லெஸ் இலை நுரையிலும் பிடிக்கும். பாறையில் பட்ட இலையைச் சுத்தியால் தட்டி நேராக்குவது வள்ளத்துக்குப் போதும். இரட்டை எஞ்சினில் இரண்டு இலையும் ஒத்துப் போகாவிட்டால் படகு எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும்.

இரண்டும் ஒரே திசையில் சுற்றினாலும் அதே இழுப்புத்தான். ஒன்று வலம், மற்றது இடம் சுற்ற வேண்டும். அதற்கு எதிர்ச்சுற்றுக் கியர் உள்ள கால் வேண்டும், இலையை மட்டும் மாற்றினால் நடக்காது.

எச்பி ஆசை ஏன் ஆபத்து என்றால், இந்தப் படகின் உடல்கள் ஒடுக்கமானவை. பின்னால் கனம் கூடினால் அகலமான வள்ளம் தாங்கும், இது உட்காரும். உட்கார்ந்தால் டனல் கூரை தண்ணீரைத் தொடும். காற்று உள்ளே நுழைந்து தூக்கிக்கொடுக்கிற லாபமே போய்விடும். பெட்ரோல் டேங்க், பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து, கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள். செலவே இல்லை.

அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்க எஞ்சினைச் சாய்த்து டிரிம் கொடுப்பதிலும் அளவு வேண்டும். 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா ஆற்றில், ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நடந்தது. அந்த டனல் படகுகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடுபவை. எதிர்க்காற்றில் டனலுக்குள் காற்று நிறையும்போது டிரிம் கொஞ்சம் அதிகமானால் படகு மல்லாந்து போகும். 1967 ஜனவரி 4இல் ஜெட் எஞ்சின் பொருத்திய புளூபேர்டு அப்படித்தான் தூக்கி எறியப்பட்டு, தண்ணீரில் வேகச் சாதனைக்கு முயன்ற டொனால்ட் கேம்பெல் இறந்தார். 25 நாட்டில் ஓடுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஸ்டியரிங்கில் சுற்றி வைப்பவரிடம் எனக்குப் பேச்சே இல்லை.

இன்னொன்று, மண்ணெண்ணெய். அதற்கென்றே செய்த எஞ்சினில் அழுத்த விகிதம் குறைவு. பெட்ரோல் எஞ்சினில் சிக்கனத்துக்காகக் கலந்தால் தட்டல் எழும்பி, ஒரு நாள் பிஸ்டன் ஓட்டையாகும்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் கச்சான் என்கிற மேல்காற்று எழும்பும் முன், விடியற்காலை போங்கள். தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் போல அலை மடங்கும் இடம் வேண்டவே வேண்டாம். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படி ஓடினாலும் கணக்குக் கெடாதிருக்க, போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை ஜிபிஎஸ்ஸில் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே மாற்றம். உயரத்தையும் இலையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தம்பியின் நோட்டில் ஒன்பது ஓட்டம் எழுதியிருக்கிறோம். மூன்று துளை உயரம், இரண்டு ஸ்டெயின்லெஸ் புரொப்பல்லர், முன்னால் நகர்ந்த ஒரு ஐஸ் பெட்டி. கடைசி வரியில் 23.5 நாட். எஞ்சின் அதே நாற்பதுதான்.